கடலூர் மண்ணுக்கு எத்தனை எச்பி?

"ஆறு ஏக்கர் இருக்கு. எத்தனை எச்பி வண்டி வாங்கலாம்?"

கடலூர், புதுச்சேரி பக்கம் டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எச்பி என்பது என்ஜின் சக்தியின் அளவு, குதிரைத்திறன். என் சொந்தக்காரர்களே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்: "நிலம் எந்த ஊர்ல?" கடம்புலியூரில் ஆறு ஏக்கர் முந்திரிக் கொல்லை என்றால் ஒரு பதில். காட்டுமன்னார்கோயிலில் ஆறு ஏக்கர் நஞ்சை என்றால் வேறு பதில். பாகூரில் மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கும் கழனி என்றால், டிராக்டரே வேண்டாம் என்பதுகூடப் பதிலாக இருக்கலாம்.

ஏக்கர் என்பது வேலை எவ்வளவு நேரம் நீளும் என்பதை மட்டும் சொல்லும். அந்த வேலை எவ்வளவு பாரம் என்பதை மண்தான் சொல்லும். வண்டி உள்ளே போகுமா, திரும்புமா என்பதை வழியும் வரப்பும் மரமும் சொல்லும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஏக்கரையும் எச்பியையும் மட்டும் முடிச்சுப் போட்டதால்தான், கடனில் வாங்கிய பெரிய வண்டிகள் ஆண்டில் பாதிக்கு மேல் கொட்டகையில் நிற்கின்றன. எங்கள் பெரியப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஏழு ஏக்கருக்கு 50 எச்பி வண்டி வாங்கினார். நல்ல வண்டி. ஆனால் கொல்லைக்குப் போகும் வாய்க்கால் மதகைத் தாண்ட முடியாமல், முக்கால் கிலோமீட்டர் சுற்றி அடுத்தவர் நிலத்து வழியாகத்தான் போய்வந்தார். அந்த நிலத்தில் பயிர் நின்ற மாதங்களில் அதுவும் முடியாது.

மண்ணிலிருந்து தொடங்கலாம்

கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே மண் அடியோடு மாறுகிறது. பண்ருட்டி, கடம்புலியூர், நெய்வேலி சுற்றிலும் செம்மண். நிலவியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் பாறை அடுக்கு சிதைந்து வந்த மண் அது. மணல் கலந்தது, தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும், பதத்தில், அதாவது உழவுக்கு ஏற்ற ஈரத்தில் உழுதால் கொழு (கலப்பையின் முனை) தடையில்லாமல் ஓடும். காய்ந்துவிட்டால் மேல்பரப்பு இறுகிப்போகும். விருத்தாசலம் பக்கம் செம்மண்ணோடு கரிசலும் வருகிறது. சேத்தியாத்தோப்பைத் தாண்டித் தெற்கே வீராணத்துப் பாசனத்துக்குள் இறங்கினால் களிமண். வீராணம் ஏரியை நம்பி சுமார் 45,000 ஏக்கர் இருக்கிறது. அதில் நெல்தான் பெரும்பகுதி. அந்த மண் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தை விடாது. பரங்கிப்பேட்டைக் கரையோரம் போனால் மணலும் சவுக்கும். புதுச்சேரியில் பாகூர் ஏரிப் பாசனம் வண்டலும் களியும் கலந்த நெல் நிலம்.

இது எச்பியை எப்படி மாற்றுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு கொழு, ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம், உழும் ஆழம் 20 சென்டிமீட்டர். மொத்தம் 1,200 சதுர சென்டிமீட்டர் மண் வெட்டுப்படுகிறது. பதமான செம்மணலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ எதிர்ப்பு என்று வைத்தால் கலப்பையை இழுக்க 480 கிலோ விசை வேண்டும். இறுகிய களியில் எதிர்ப்பு 0.8 என்று வைத்தால் 960 கிலோ. இழுவிசையை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தால் பெருக்கி 270ஆல் வகுத்தால், கலப்பை மாட்டும் இடத்தில் தேவைப்படும் எச்பி வரும். 4.5 கிலோமீட்டர் வேகத்தில் செம்மணலுக்கு 8 எச்பி, களிக்கு 16 எச்பி.

"அவ்வளவுதானா? அப்போ 18 எச்பி வண்டி போதுமே" என்று இங்கே அவசரப்பட்டுவிடக் கூடாது. என்ஜினில் பிறக்கும் சக்தி கியரில் கொஞ்சம், டயரில் கொஞ்சம், மண்ணில் சக்கரம் வழுக்குவதில் நிறைய என்று கரைந்துபோய், உழுத நிலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கலப்பைக்கு வந்து சேரும். 55 சதவீதம் என்று வைத்து, வேரும் கல்லும் மேடும் குறுக்கிடும்போது திணறாமல் இருக்க ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால், செம்மணலுக்கு 18 எச்பி, களிக்கு 35 எச்பி என்ஜின் வேண்டும். அதே கலப்பை, அதே ஆழம், அதே வேகம். மண் மாறியதும் வண்டி இரண்டு மடங்காகிவிட்டது. ஏக்கர் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

மண்ணைக் கத்திகளால் கிளறித் தூளாக்கும் ரோட்டாவேட்டருக்கு இழுவிசைக் கணக்கு பொருந்தாது. அதன் கத்திகளைச் சுழற்றுவது பின்புறத் தண்டான பி.டி.ஓ. அதற்கு வழக்கத்தில் இருக்கும் கணக்கு, ஓர் அடி அகலத்துக்கு 7 முதல் 8 என்ஜின் எச்பி. 3½ அடி ரோட்டாவேட்டருக்கு 24 முதல் 28, 5 அடிக்கு 35 முதல் 40, 6 அடிக்கு 42 முதல் 48. ஈரக் களியில் சேடை (நடவுக்கு முன் சேறாக்கும் உழவு) ஓட்டுகிறவர்கள் மேல் எல்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லையில் ஒரு முறை கலப்பை ஓட்டிய பிறகு ரோட்டாவேட்டர் போடுகிறவர்களுக்குக் கீழ் எல்லை போதும்.

பானெட்டில் எழுதியிருக்கும் எண்

பானெட்டின் பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ஜின் எச்பி. அது முழுதாக நம் கலப்பைக்கோ ரோட்டாவேட்டருக்கோ வராது. பி.டி.ஓ.வில் கிடைப்பது பொதுவாக அதில் 85 முதல் 90 சதவீதம். 45 எச்பி என்று விற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையே பி.டி.ஓ. எச்பி இரண்டு மூன்று வித்தியாசப்படலாம். ரோட்டாவேட்டர்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் இந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது என்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். என்ஜினைக் கத்தவிட்டால்தான் 540 வரும் என்றால் டீசல் கூடும்.

விற்பனையாளர் வாயிலிருந்து வருவதைவிட நம்பத்தக்க ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டு டிராக்டர்களை அங்கே சோதித்து அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ. சக்தி, இழுவிசை, ஹைட்ராலிக் தூக்கும் எடை, மணிக்கு எரியும் டீசல், பிரேக், வண்டியின் எடை எல்லாம் அளந்த எண்களாக அதில் இருக்கும். வாங்கப்போகும் மாடலின் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏழெட்டு லட்சம் கொடுப்பது நாம்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 என்ற கடுமையான புகை விதி வந்தது. அதற்கு ஏற்ற என்ஜினுக்குச் செலவு கூடுதல். அதனால்தான் 49 எச்பி, 49.9 எச்பி என்று எல்லையை ஒட்டி நிற்கும் வண்டிகளை இப்போது அதிகம் பார்க்கிறோம். "50க்கும் 49க்கும் இவ்வளவு விலை வித்தியாசமா?" என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடலூரில் சொந்த நிலத்து வேலைக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டிய தேவை கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம்.

எடை என்கிற இருபக்கக் கத்தி

எச்பியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இழுக்கும் வேலையில் எச்பிக்குச் சமமாக எடையும் முக்கியம். 45 எச்பி வண்டி ஏறத்தாழ 2 டன், 24 எச்பி மினி டிராக்டர் ஒரு டன்னை ஒட்டி. எடை குறைந்த வண்டியில் என்ஜின் தெம்பாக இருந்தும் சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். எடை கூடிய வண்டி பிடித்து இழுக்கும், ஆனால் தான் போன தடத்தில் மண்ணை அமுக்கிவிட்டுப் போகும்.

செம்மண் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். பூ பூத்து முடிந்ததும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். ஈரம் அதிகமாக இருந்த நாளில் பெரிய வண்டியை ஓட்டிய தடத்தில் மண் இறுகிவிட்டால், அந்த இரண்டு வரிசையில் செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் காய் குறைவாக இருக்கும். மேலாக இறுகிய மண்ணை அடுத்த உழவில் உடைத்துவிடலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே மேல் இறுக்கம் குறையும். ஆனால் ஓர் அடிக்குக் கீழே ஏறும் இறுக்கத்தை அச்சில் இறங்கும் மொத்த எடைதான் தீர்மானிக்கிறது. காற்றைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. அடிமண்ணைக் கீறும் உளிக்கலப்பை போட்டு உடைக்க வேண்டும், அதற்கு மறுபடியும் பெரிய வண்டி வேண்டும்.

நெல் வயலில் கதை வேறு மாதிரி. அங்கே சேற்றுக்கு அடியில் இறுகிய தளம் இருந்தாக வேண்டும். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பது அதனால்தான். வண்டி புதையாமல் நிற்பதும் அதனால்தான். அந்தத் தளத்துக்கு ஒரு தாங்கும் சக்தி உண்டு. வாரக்கணக்கில் தண்ணீர் நின்று ஊறிப்போன வயலில் 2 டன் வண்டி, பின்னால் 400 கிலோ ரோட்டாவேட்டர் என்று இறங்கித் திரும்பத் திரும்ப மிதித்தால் தளம் உடையும். சேறு ஆழமாகிக்கொண்டே போகும். முன்பு முழங்கால் அளவுக்கு இறங்கிய வயலில் இப்போது தொடை வரை இறங்குகிறது என்று காட்டுமன்னார்கோயில் பக்கம் பெரியவர்கள் வருத்தப்படுவது இதைத்தான். நடவு ஆட்கள் படும் பாடும் அறுவடை இயந்திரம் சிக்கிக்கொள்வதும் அதன் தொடர்ச்சி. ஆகவே சேடை ஓட்டும் வண்டிக்கு எச்பி வேண்டும், எடை குறைவாக வேண்டும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினால் பாரம் பரவலாக இறங்கும். உயரமான பற்கள் கொண்ட நெல் வயல் டயர்களும் உதவும்.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன் சக்கரமும் இழுப்பதால் எடை குறைந்த வண்டியே கூடுதலாக இழுக்கும், சேற்றில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். 45 எச்பி டூ வீல் வண்டி செய்யும் பல வேலையை 35 சொச்சம் எச்பி ஃபோர் வீல் வண்டி செய்துவிடும். விலை கூடுதல், சேற்றில் ஓடும் முன் அச்சின் ஆயில் சீல்களை அடிக்கடி பார்க்க வேண்டும். களி நிலத்துக்காரர்களுக்கு அந்தச் செலவு தகும். கடம்புலியூர் செம்மணலில் கலப்பை மட்டும் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

வண்டியின் எடை வேலைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். பின் டயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவிட்டு, அதே நிலத்தில், சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று. இரண்டாவது தூரம் 8 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால் சரியான பொருத்தம். 20க்கு மேல் குறைந்தால் சக்கரம் வழுக்கி டீசலும் டயரும் வீணாகின்றன. எடை சேர்க்க வேண்டும், அல்லது கலப்பை பெரிது. 5க்கும் குறைவு என்றால் தேவையில்லாத எடையைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். எடை சேர்ப்பது பெரிய காரியமில்லை. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம், இரும்புத் தட்டு மாட்டலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். இயல்பிலேயே கனமான வண்டியின் எடையைக் குறைக்க நமக்கு வழி இல்லை.

மரத்துக்கு நடுவே

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. அதைப் பார்த்தவர்களுக்கு இன்றும் அதைப் பேசும்போது குரல் மாறும். பழைய தோப்புகளில் மரங்கள் 7 மீட்டர், அதற்கும் மேல் இடைவெளியில் நின்றன. புதிதாக வைப்பவர்களில் அடர்நடவுக்குப் போகிறவர்கள் 5 மீட்டருக்கு 5, 4க்கு 4 என்றுகூட ஒட்டுக்கன்று வைக்கிறார்கள். கிளைகள் இடுப்பளவில் விரியும் மரம் முந்திரி. 4 மீட்டர் இடைவெளியில் ஆறாவது வருடம் நடுவில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண 45 எச்பி வண்டி 1.7, 1.8 மீட்டர் அகலம். சைலன்சர் பானெட்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். மினி டிராக்டர்கள் சில ஒரு மீட்டருக்குக் கொஞ்சம்தான் மேலே. மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 போன்ற 24 எச்பி ஃபோர் வீல் வண்டிகள் தோப்புக்காரர்களிடம் எடுபட்டதற்குக் காரணம் இந்த ஒடுக்கமான உடம்பு.

ஆகவே தோப்பு வைத்திருப்பவர் இன்றைய மர அளவைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. கடன் முடிகிற வருடத்தில் கிளை எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். தென்னந்தோப்பில் 25 அடிக்கு 25 அடி வைத்திருந்தால் அகலப் பிரச்சினை இல்லை, எந்த வண்டியும் போகும். வாழையில் 6 அடிக்கு 6 அடி என்றால் மினி டிராக்டருக்கே நெருக்கம், கையால் பிடித்து ஓட்டும் களையெடுக்கும் இயந்திரமான பவர் வீடர்தான் சௌகரியம். கரும்பில் வரிசைக்கு வரிசை 3 அடி விட்ட பழைய பாருக்குள் எந்த டிராக்டரும் நுழையாது. 5 அடிப் பாரில் நட்டவர்கள் மினி டிராக்டரை விட்டு மண் அணைக்கலாம். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு போடுகிறவர்கள் பார் இடைவெளியை மாற்ற நினைத்தால், வண்டியையும் பாரையும் ஒரே நேரத்தில் முடிவுசெய்வது நல்லது.

வழியையும் ஒருமுறை நாடாவோடு நடந்து அளந்துவிடுங்கள். வண்டிப்பாதையின் ஒடுக்கமான இடம், மதகு, கேட், வயல் ஓரத் தலைமேட்டில் திரும்பும் இடம். 6 அடி ரோட்டாவேட்டர் மாட்டினால் பின்புறம் 2 மீட்டரைத் தொடும். ஓர் அங்குலம் இடித்தாலும் வரப்பு போகும், பக்கத்துக் கழனிக்காரரோடு உறவும் போகும்.

இப்போதுதான் ஏக்கர்

ஏக்கருக்கு ஒரு வேலை உண்டு. பதம் போவதற்குள் முடிக்க முடியுமா என்று பார்க்க அது வேண்டும்.

ரோட்டாவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, திரும்புவதிலும் ஓட்டிய இடத்தின் மேலேயே மறுபடி படிவதிலும் கால் பங்கு நேரம் போகிறது என்று வைத்தால், ஓர் அடி அகலத்துக்கு மணிக்கு 17 சென்ட் முடியும். 3½ அடிக்கு 60 சென்ட், 5 அடிக்கு 85 சென்ட், 6 அடிக்கு ஒரு ஏக்கர். நம் பக்கம் 100 குழி சேர்ந்த ஒரு காணி 132 சென்ட், அதாவது 5 அடி ரோட்டாவேட்டருக்கு ஒன்றரை மணி நேர வேலை. வயல் துண்டு சிறிதாக இருந்தால் திரும்புவதிலேயே நேரம் போய் இந்தக் கணக்கு இன்னும் இறங்கும், பெரிய வண்டிக்கு அதிகமாகவே இறங்கும்.

12 ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. மழை பெய்து நான்கு நாள் பதம் நிற்கும், நாளுக்கு 7 மணி நேரம் ஓட்டலாம் என்றால் 28 மணி நேரம். மணிக்கு 43 சென்ட் முடித்தால் போதும். 24 எச்பி மினி வண்டியும் 3½ அடி ரோட்டாவேட்டருமே தாராளம். பன்னிரண்டு ஏக்கர்காரரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார், கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து ஐந்து நாளில் 30 ஏக்கர் சேடை முடிக்க வேண்டியவருக்கு, நாளுக்கு 8 மணி என்றால் மணிக்கு 75 சென்ட் வேண்டும். அவருக்கு 5 அடி, களி என்பதால் 42 முதல் 45 எச்பி. அந்த வேலைக்கு அது சரியான வண்டி.

கலப்பை மாட்டுவதற்கு முன்

மினி டிராக்டரின் ஹைட்ராலிக் 600, 750 கிலோ தூக்கும் என்றும் 45 எச்பி வண்டி ஒன்றரை டன்னை ஒட்டித் தூக்கும் என்றும் அட்டையில் போட்டிருக்கும். அது கருவியை மாட்டும் இணைப்புக் கம்பியின் நுனியில். ரோட்டாவேட்டரின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி இருக்கும். தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிறதா என்று பாருங்கள். வாய்க்கால் கரை ஏறும்போது முன்பக்கம் எழும்பினால் ஒரு நொடியில் வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். முன்புற எடை மாட்டாமல் பெரிய கருவியை மாட்டாதீர்கள். சிக்கிய வண்டியை இழுக்கும்போது சங்கிலியை மேல் இணைப்பிலோ அச்சிலோ கட்டாதீர்கள், கீழ்க் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். பி.டி.ஓ. தண்டின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணமாகிவிட்டது. துண்டும் வேட்டியும் புடவைத் தலைப்பும் அதில் சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு கண நேரம் போதும்.

இணைப்பு ஊசியின் அளவும் பாருங்கள். சின்ன வண்டிகளுக்குக் கீழ் ஊசி 22 மில்லிமீட்டர், பெரியவற்றுக்கு 28. அண்ணன் வீட்டு ஒன்பது கீறுகால் உள்ள ஒன்பது கொத்துக் கலப்பையை இரவல் வாங்கி மாட்டலாம் என்ற நினைப்பில் மினி வண்டி வாங்கினால் அது பொருந்தாது, பொருந்தினாலும் இழுக்காது. மினி வண்டிக்கு ஐந்து கொத்துதான்.

டிரெய்லரில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஒரே சொல்: இழுப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறுத்துவதை வைத்து முடிவு செய்யுங்கள். சமதளச் சாலையில் சின்ன வண்டியும் நான்கு டன் கரும்பை இழுத்துவிடும். கெடிலம் ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் அந்த நான்கு டன் ஒரு டன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். சாலையில் கரும்பு ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் எடையுள்ள வண்டிதான் வேண்டும், இதில் சமரசம் கூடாது.

பணம்

தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள்.

வண்டி 7 லட்சம் என்று வைப்போம். பத்து வருடத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கும் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 63,000 ரூபாய். சராசரியாக வண்டியில் மாட்டியிருக்கும் பணத்துக்கு 10 சதவீத வட்டி 38,500. காப்பீடு, கொட்டகை, சில்லறைச் செலவு 15,000. மொத்தம் 1,16,500 ரூபாய், வண்டியைத் தொடாமலே. ஐந்து ஏக்கர், வருடம் இரண்டு பயிர், ஏக்கருக்கு ஒரு பயிருக்கு 5 மணி நேரம் என்றால் 50 மணி நேரம் ஓடும். மணிக்கு 2,330 ரூபாய், டீசலும் டிரைவரும் தனி. 500 மணி நேரம் ஓட்டினால் அதே செலவு மணிக்கு 233 ரூபாய். வண்டியை வாங்குவதா வேண்டாமா என்பது இந்த மணி நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, வாடகைக்கு விட்டு மணி நேரத்தைக் கூட்டலாமே என்றால், கூட்டலாம். அப்போது வண்டியின் அளவை உங்கள் நிலம் தீர்மானிக்காது, ஊரின் நிலம் தீர்மானிக்கும். 45 எச்பியை ஒட்டிய வண்டிக்கு ஓட்டமும் மறுவிற்பனையும் உண்டு. ஆனால் ஆடியில் மழை பெய்த அந்த ஒரு வாரத்தில்தான் ஊர் முழுக்க வண்டி கேட்கும், உங்கள் கொல்லையும் அந்த வாரத்தில்தான் பதமாக இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று முன்பே யோசித்துவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்மை. வாடகை வண்டி நாம் கூப்பிட்ட நாளில் வராது. பதம் தவறி விதைத்த வருத்தம் அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் நான் சொல்வது: வருடத்தில் அடிக்கடி வரும், நாள் தவறக் கூடாத வேலைக்கு ஏற்ற சின்ன வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கோடை உழவு, உளிக்கலப்பை, மேடு பள்ளம் சரிசெய்வது போல வருடத்துக்கு ஒரு முறை, நான்கு நாள் முன்பின் ஆனாலும் பாதகமில்லாத கனமான வேலைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாடு வேளாண் பொறியியல் துறை இ-வாடகை திட்டத்தில் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. கோடையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கான வண்டியை வாங்கிவிட்டு, களையெடுக்கவும் தோப்புக்குள் ஓட்டவும் வாடகைக்கு ஆள் தேடுகிறார்கள்.

மூன்று ஏக்கருக்குக் கீழே, அதுவும் சிதறிய நெல் கழனி என்றால், 12, 13 எச்பி பவர் டில்லரைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். பின்னால் நடந்து ஓட்டுவது உடம்புக்கு வேலைதான். ஆனால் டிராக்டர் திரும்பவே இடமில்லாத 20 சென்ட் வயலில் மூலை வரை ஓட்டும், சேற்றின் தளத்தை உடைக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒரு படி பெரிய வண்டிக்குப் போகலாம் என்று மனம் இழுக்கும். அந்தப் பணத்தைச் சரியான அகலத்தில் ஒரு ரோட்டாவேட்டருக்கோ, ஒரு ஜோடி கேஜ் வீலுக்கோ போடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் அதே எச்பியில், அதே அகலக் கருவியோடு ஊரில் யாராவது வண்டி வைத்திருப்பார். ஒரு நாள் வாடகை கொடுத்து உங்கள் நிலத்தில் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல பதத்தில் வேண்டாம், இருப்பதிலேயே மோசமான துண்டில், மோசமான நாளில். வழியில் எங்கே உரசுகிறது, தலைமேட்டில் எத்தனை முறை முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புகிறது, ஒரு காணிக்கு எத்தனை நிமிடம், எத்தனை லிட்டர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறக்காமல் சுண்ணாம்புக் கட்டியையும் எடுத்துப் போங்கள்.